நூறு மீற்றர்

நாடா ஐம்பது மீற்றர்தான்.
இரண்டு மூன்று தரம் வைத்து அளக்கவேணும்.
நுனியைப் பிடித்தபடி ஞானச்செல்வம்
பாடசாலை முன்வாசலில் குந்தியிருந்தான்.
உருளையோடு நான்
பெரியகல்லாற்றுக் கடற்கரை வீதி கிறுகும் இடத்தில்.
நடுவில் ஒரு மணல் லொறி
நாடாவின் மேல் ஏறிப் போனது.

நூற்றுப் பதினேழு என்று எழுதினேன்.
உபவிதி கேட்பது நூறு.
யோகநாயகம்
பதினேழு மீற்றர் அளவுக்கு
நல்லவர்.

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை,
கண்ணாடிக்குக் கறுப்புத் தாள்.
பின்னேரம் ஆறரைக்கு
ஆரோ ஒரு தேசத்து மழையில்
குதிரைகள் ஓடத் தொடங்கும்.
நனைகிறவர்கள் எங்கட ஆட்கள்:
வாடியில் கூலி வாங்கி நேரே வந்தவன்,
ஓட்டோ லீசிங்கை
சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பவன்.
பெயர் வாயில் நுழையாத குதிரையை
இலக்கம் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்,
"நாலு, நாலு, எழும்பு மனே" என்று.

என் படிவத்தில் கேள்விகள் உண்டு.
மலசலகூடம் எத்தனை.
காற்றோட்டம் போதுமா.
தீயணைக்கும் உருளை காலாவதியா.
புள்ளடி போட்டேன்.
தேத்தண்ணி தந்தார், வேண்டாம் என்றேன்.
சீனி கூட என்று நினைத்துக்கொண்டார்.

சபைக் கூட்டத்தில்
குணாளன் மேசையில் அடித்தார்,
பிள்ளைகள் போகிற வழி என்று.
எதிரே இருந்தவர் கேட்டார்,
"அந்த அனுமதிப்பத்திரக் காசிலதானே
பாலத்தடிக்கு விளக்குப் போட்டம்?"
நாற்பத்தியொரு கையொப்பத்தோடு ஒரு மனு
கையிலிருந்து கைக்குப் போனது.
என்னிடமும் வந்தது.
அதில் ஒரு கையொப்பத்தின் கடைசிச் சுழி
எனக்குத் தெரியும்.
பால் கணக்குக் கொப்பியிலும்
அண்ணி அப்படித்தான் சுழிப்பா.

தவிசாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"அளவு என்ன சொல்லுது, மிஸ்?"
சொன்னேன்.
பதினொரு உறுப்பினரும்
அந்த இலக்கத்தின் கீழே
மழைக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கினார்கள்.
நானும் ஒள்ளுப்பம்.

பிறகு அதிபர் பேரின்பவதி செய்த காரியம்.
வெள்ளத்துக்குப் பிறகு
வெல்டிங் வைத்து மூடிய பின்வாசல் ஒன்று
புதர் மண்டிக் கிடந்தது.
சனிக்கிழமை கிரைண்டரோடு ஒரு பொடியனைக் கூட்டி வந்து,
தீப்பொறி சீலையில் தெறிக்கத் தெறிக்க
பக்கத்திலேயே நின்று வெட்டுவித்தா.
திங்கள் காலை கடிதம் வந்தது, இரண்டே வரி:
பாடசாலைக்கு இப்போது இரண்டு வாசல்கள்.
தயவுசெய்து மீள அளக்கவும்.

உபவிதியில் 'வாசல்' என்றுதான் இருக்கிறது.
எந்த வாசல் என்று இல்லை.
அதை நான் கேட்டிருக்கலாம்.

அறுபத்து மூன்று.
இந்த முறை லொறி வரவில்லை.
யோகநாயகம் நாடாவைக் குனிந்து பார்த்தார்,
கோபமே இல்லாமல்.
தோற்ற துண்டைக் கசக்கிப் போட்டு
அடுத்த துண்டு எழுதுகிறவர்களை
எட்டு வருசமாய்ப் பார்த்தவர்.

பதினாலு நாளில் கடை போனது,
மாவட்ட எல்லைப் பலகைக்கு அப்பால்.
இன்னும் பெரிய திரையாம்.
அந்தச் சபையின் பரிசோதகர் அஸ்மீர்
ஒரு நாள் கோல் எடுத்தார்.
"உங்கட ஃபைலில அந்தாளைப் பற்றி என்ன இருக்கு?"
"நூற்றுப் பதினேழு. மறுகா அறுபத்து மூன்று."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"இஞ்ச கிட்டின பள்ளிக்கூடம்
நானூறுக்கு மேல, தங்கச்சி."

பாலத்தடி விளக்கு எரிவதில்லை.
குமிழ் மாற்ற வாக்குப்பணம் இல்லை என்று
குணாளனுக்கே பதில் எழுதினேன்.
பின்வாசலால் வருகிற பிள்ளைகள்
மணி அடித்த பிறகும் வருகிறார்கள்.
அதிபர் அதற்கும் ஏசுகிறா.

அண்ணன் இப்போது
ஒரு கிலோமீற்றர் கூட மிதிக்கிறான்.
கச்சான் முகத்தில் அடிக்கும் பின்னேரங்களில்
பாலத்தடியோடு சைக்கிளைத் திருப்பிவிடுகிறானாம்.
ஆனி ஆடி பரவாயில்லை என்கிறா அண்ணி,
அரிசியில் கல் பொறுக்கியபடி.

புரட்டாதிக்கு அங்கால
காற்று மாறும்.