டி பன்னிரண்டு

உங்கள் பெயர்
எங்கள் வாயில் நிற்கவில்லை, ஐயா.
ஆர்டர் தாளில் நீங்கள் டி பன்னிரண்டு.
லாரிக்காரருக்கு வளைமுதுகு.
தவுக்கே மட்டும் 'டென்மார்க் கிழவர்' என்பார்,
பக்கத்துக் கடையில்
கணக்கு வைத்திருப்பவரைச் சொல்வது போல.

பட்டியல் புத்தகத்தில் படம் உண்டு.
கறுப்பு வெள்ளை. கம்பளிச் சட்டை.
நாற்காலியில் நீங்கள் உட்காரவில்லை;
பக்கத்தில் முழங்காலிட்டு
கைப்பிடி முடியும் இடத்தைக்
கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறீர்கள்.
எனக்கும் அதுதான் வேலை.
ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது.

பகாவ் டவுனுக்கு வெளியே
செம்பனை முடிந்து
பலகைச் சூளை புகையத் தொடங்கும் இடத்தில் இருக்கிறோம்.
நீங்கள் தேக்கை நினைத்து வரைந்தது
இங்கே ரப்பர் மரத்தில் எழுந்து நிற்கிறது.
தேக்கு நிறம் டின்னில் வருகிறது.
ஆவியில் நீங்கள் வளைத்ததை
நாலு துண்டாக அறுத்து ஒட்டுகிறோம்.
கோபித்துக்கொள்ள வேண்டாம்.
காகிதக் கயிற்று இருக்கையை மட்டும்
ரஃபிகுல் நீங்கள் சொன்னபடியே பின்னுகிறான்,
விரல்களில் பிளாஸ்திரி,
காதில் போன்,
குல்னாவில் இருக்கும் மனைவியோடு
முடியாத ஒரு சண்டை.

பின்கட்டில் ஓர் எந்திரம் உண்டு.
நூறு கிலோ மூட்டை
ஒரே நாற்காலியில்
ஐம்பதாயிரம் தடவை உட்கார்ந்து எழும்.
ராத்திரி ஷிப்டில் கேட்டால்
கனத்த மனிதர் யாரோ
போவதா இருப்பதா என்று
தவிப்பது போலிருக்கும்.
நான் உட்காருவது பத்து நிமிடம்,
பெயின்ட் டின் மேல்.

செவ்வாய்க்கிழமை
ஒரு முதுகுச் சட்டத்தில் விரல் நின்றது.
வழுவழுவென்று ஓடி வந்த மரம்
ஓரிடத்தில் இருமியது.
விளக்கடியில் திருப்பினேன்.
பழுப்பாக, அரை விரல் நீளத்தில்
ஒரு சாய்ந்த கோடு.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயரோ.
இங்கே காயம்.
பட்டையோடு நிற்காத கத்தி
மரத்தைத் தொட்டுவிட்டால் காயம்.
பதினேழு வயதில்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
நானும் போட்டிருக்கிறேன்.
வெளிச்சம் வந்ததும் மண்டோர் எண்ணுவார்.
ஒரு காயத்துக்கு இருபது காசு.
மரம் வளர்ந்து அதை மூடிக்கொள்ளும்.
காசு திரும்பி வராது.

இது என் கத்தியா என்று கேட்காதீர்கள்.
எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் காடு,
அன்றைக்கு யாருக்குக் காய்ச்சல்,
யார் வீட்டில் பிள்ளை தூங்கவில்லை,
சூளைக்குள் போன பலகையிடம்
விசாரிக்க முடியாது.

விதிப்படி சிவப்பு ஒட்ட வேண்டும்.
சிவப்பு ஒட்டினால் கொதிகலனுக்குப் போகும்.
ரோல் கையில்தான் இருந்தது.
மிஸ்டர் லோ அடுத்த லைனில் கத்திக்கொண்டிருந்தார்.

உங்கள் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.
அங்கே என்ன இருந்தது?
எத்தனை தடவை பார்த்தாலும்
அந்த இடத்தை உங்கள் விரலே மறைக்கிறது.

உட்கார்ந்துவிட்டேன்.
ஏழு வருடத்தில் முதல் தடவை.
ரஃபிகுல் சண்டையை நிறுத்தி
"சாக்கிட்கா, தமயந்தி?" என்றான்.
உடம்புக்கு ஒன்றுமில்லை.
காயம் எங்கே படுகிறது என்று
பார்க்க வேண்டியிருந்தது.

படவில்லை.
இடுப்புக்கு மேலே
முதுகு உள்ளே ஒதுங்கும் இடத்துக்கு நேரே
சட்டத்தைக் கொஞ்சம் குடைந்திருக்கிறீர்கள்,
யார் மேலும் முட்டாதபடி.
அந்தக் காற்றில் இருந்தது கோடு.
நாங்கள் அறுத்து ஒட்டிய பிறகும்
நீங்கள் விட்ட அந்த இடம்
அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

எழுந்து பச்சை ஒட்டினேன்.

பெட்டி கிள்ளான் துறைமுகம் போய்விட்டது.
மேலே எழுதியிருந்த ஊர் ஆர்ஹுஸ்.
உங்கள் ஊருக்கு எவ்வளவு தூரமோ தெரியாது.
அங்கே யாராவது
கையைப் பின்னால் விட்டுத் தடவி
இது என்ன என்று கேட்டால்

இருபது காசு, ஐயா.
என் பேரில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.