இடைநிறுத்தம்

நவம்பரில் பெட்டி வந்தது.
கறுப்பு அலுமினியம்,
நெற்றியில் ஒற்றை நீலப் பொட்டு.
"இது கணினிதான்," என்றான் தார்மோ,
"ஆனால் வரவேற்பறைக்குத் தெரியக் கூடாது."

தொலைக்காட்சிக்கு அடியில்
என் அத்தை தந்த பீங்கான் வாத்துகளின் இடம்
அதற்கு ஒதுக்கப்பட்டது.
வாத்துகள் குளியலறைக்குக் குடிபெயர்ந்தன.

ஓலுவில் அந்த மாதம் சூரியன்
தாமதமாய் வந்து கையெழுத்துப் போட்டு
இரண்டரைக்கே பையைத் தூக்கும் குமாஸ்தா.
மிச்சப் பொழுதெல்லாம் திரைக்கு
என்று கணக்குப் போட்டிருந்தான்.

முந்நூற்றுப் பன்னிரண்டு சிடிக்கள்.
ஒவ்வொன்றாய் விழுங்கியது,
பெயர் தெரிந்தவற்றுக்குப் பெயர் வைத்தது.
மாமனார் தன் கைக்காசில் பதிவுசெய்த அக்கார்டியன்
"அறியப்படாத கலைஞர்" ஆயிற்று.
அவருக்கு அது பிடித்துவிட்டது.
நாற்பது வருடம் கல்யாணங்களில் வாசித்தவர்,
"முகத்துக்கு நேரே சொன்னது இது ஒன்றுதான்" என்றார்.

பிறகு சத்தம்.
உள்ளே விசிறி சுற்றுவது கேட்கிறதாம்.
எனக்குக் கேட்கவில்லை என்றேன்.
நன்றாகக் கேள் என்றான்.
கேட்டேன்.
அன்றிலிருந்து எனக்கு
அது மட்டும்தான் கேட்டது.

டிசம்பர் முழுக்கத் தரையில் கிடந்தான்,
வாயில் டார்ச்.
திருகுகளுக்கு ரப்பர் வளையம்,
சுவர்களுக்கு நுரைப் பஞ்சு.
என் பனிச்சறுக்குக் காற்சட்டையின் எலாஸ்டிக்கை உருவி
ஹார்ட் டிஸ்க்குக்குத் தூளி கட்டினான்.
சயிமி பிறந்தபோது
அவளைக் குளிப்பாட்டவே பயந்தவன்.

ரிமோட் நான்கு.
எந்த வரிசையில் எதை அழுத்துவது என்று
சோபாக் கைப்பிடியில் சீட்டு ஒட்டினான்.
ஒன்பது படிகள்.
ஏழாவதில்
"காத்திரு" என்று மட்டும் இருந்தது.

ஜனவரி ஆறு, விடுமுறை.
முதல் சினிமா.
என் தங்கை ஹில்க்கா வந்தாள்,
அவளுடைய ஒஸ்காரி வந்தான், மாமனார் வந்தார்.
விளக்கணைத்து,
ஒன்பது படியும் ஏறி,
பன்னிரண்டு நிமிடம் பார்த்தோம்.
மாமனார் எழுந்தார், கழிப்பறை எங்கே என்றபடி.
தார்மோ பெருமையோடு நிறுத்தினான்:
பாருங்கள், எங்கே விட்டோமோ அங்கேயே நிற்கும்.

நின்றது.
நான் காபி வைத்தேன்.
ஒஸ்காரி கார் டயர் பற்றிப் பேசினான்.
பத்து நிமிடம் யாரும் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை.
வீட்டில் ஆளில்லை என்று எண்ணிய பெட்டி
தன் வயிற்றிலிருந்த புகைப்படங்களை
ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்க்கத் தொடங்கியது.

யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.
சயிமியின் விழுந்த பல்.
வெந்நீர்க் கொதிகலனின் வரிசை எண்.
காப்பீட்டுக்காக எடுத்த, நசுங்கிய இடது கதவு.
வாடகை ஒப்பந்தம், பக்கம் இரண்டு.
அதற்கடுத்து, உறைந்த ஏரிமேல்
ஒரு விலாங்கு நீள மீனைத் தூக்கிப் பிடித்து
ஈறு தெரியச் சிரிக்கும்
ஹில்க்காவின் முதல் கணவன்.
ஐம்பது அங்குல அகலத்தில்.

ஒரு மாதம் பாடுபட்டு வாங்கிய அமைதி
அப்போதுதான் உபயோகத்துக்கு வந்தது.
ஒரு விசிறி இல்லை,
ஒரு முனகல் இல்லை,
ஒளிந்துகொள்ள.

தார்மோ ரிமோட்டைத் தேடினான்.
நான்கில் எது என்று தெரியவில்லை.

"நல்ல மீன்," என்றான் ஒஸ்காரி.
காபியை ஒரு வாய் குடித்தான்.
"எத்தனை கிலோ?"
"நாலரை," என்றாள் ஹில்க்கா.
"ஊரெல்லாம் ஆறு என்று சொன்னான்."
"ஆறு இருக்காது," என்றான் ஒஸ்காரி,
உண்மையாகவே அளந்து பார்த்தபடி.
அவள் சிரித்தாள், பிறகு எல்லோரும்.

திரும்பி வந்த மாமனார்
இருட்டில் தடவி உட்கார்ந்து,
வாத்துகள் பழைய இடத்தில் இருந்த
ஒரு படத்தைப் பார்த்துக் கேட்டார்:
"நான் போனபோது கதை எங்கே இருந்தது?"
யாரும் பதில் சொல்லவில்லை.
நள்ளிரவு வரை பார்த்தோம்.

மறுநாள் தார்மோ அமைப்புகளுக்குள் நுழைந்தான்.
இதை அணைக்கப் போகிறான் என்றிருந்தேன்.
பத்து நிமிடத்தை
இரண்டாகக் குறைத்தான்.

சினிமாவில் ஒரு பெண்
கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.
அந்தப் பக்கம் யார் என்று
இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.