காலி வண்டி

நாலு மணிக்கு அலாரம் அடிக்குமுன்பே
குதிகால் விழித்துக்கொள்கிறது.
போர்வைக்குள்ளேயே துண்டைப் பாதத்தில் மாட்டி
கடிவாளம்போல இழுத்துப் பிடிக்கிறேன்
முப்பது எண்ணும்வரை.
மேல் கட்டில். இரும்பு ஏணி. ஐந்து படி.
முதல் படியில் ஓர் ஆணி
இரண்டாம் படியில் அதே ஆணி
கீழே யோகலிங்கம் கண் திறக்காமல் கேட்கிறான்:
"இண்டைக்கு எப்பிடி?"
"நேற்று மாதிரி."
மூன்று மாதமாக நேற்று மாதிரிதான்.
கீழ்க் கட்டிலை எடுத்துக்கொள் என்று அவன் சொன்னதில்லை
நானும் கேட்டதில்லை.
அவனுக்கு முதுகு.

ஜலீபிலிருந்து கம்பெனி பஸ்.
இறங்கினால் ஆஸ்பத்திரியின் பின்வாசல்,
சலவைத் துணி மூட்டைகள் போகிற வழி.
நான் சக்கர நாற்காலி தள்ளுகிறவன்.
வார்டிலிருந்து எக்ஸ்ரே, எக்ஸ்ரேயிலிருந்து வார்டு.
நடக்க முடியாதவர்களையெல்லாம்
நடந்தே கொண்டுபோய்ச் சேர்க்கிறவன்.
நேற்று இருபத்தோராயிரம் அடி என்றது போன்.
வாழ்த்துகள் என்று
திரையில் வாணவேடிக்கை வேறு.

கூட்டமில்லாத ஒரு மதியம்
எக்ஸ்ரே அறை ஜின்ஸி என் காலையும் படம் பிடித்தாள்.
எலும்புக்கு அடியில் சின்னதாய் ஒரு கொக்கி.
சேவலுக்கு இருந்தால் அது வீரம்.
எனக்கு அது ஒரு சீட்டு:
ஆறு வாரம் அதிகம் நடக்கக் கூடாது.
சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
"நடக்காதவங்க எல்லாம் இங்கே வண்டியில இருக்காங்களேப்பா."
கேலி இல்லை.
உட்கார்ந்து செய்கிற வேலை ஏதும் உண்டா என்று
பெயர்ப் பட்டியலை இரண்டுமுறை விரலால் தடவிப் பார்த்தார்.

போனில் மங்கையர்க்கரசி:
செங்கல்லைச் சூடு பண்ணு
எருக்கிலையைப் பரப்பு
குதியை வச்சு அழுத்து.
செங்கல்லுக்குப் பஞ்சமில்லை
தெருவுக்குத் தெரு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
எருக்குக்கு எங்கே போக?
யோகலிங்கம் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து
தன் மீனுக்குப் பக்கத்தில்
என் பெயர் எழுதி வைத்திருக்கிறான்.
இரவில் அதன்மேல் பாதத்தை உருட்டுவேன்.
அவள் சூடு, இவன் ஐஸ்,
இருவருக்கும் நடுவில் ஒரு வலது கால்.
குதி என்றால் குதிகால்
குதி என்றால் தாவு
இரண்டுக்கும் ஒரே சொல்லை எவன் வைத்தான் என்று
ஒருநாள் விளக்கணைத்தபின் சிரித்தோம்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று:
ஆள் இருக்கும் வண்டிதான் எனக்குச் சுகம்.
கைப்பிடியில் சாய்ந்துகொள்ளலாம்
நோயாளியின் பாரம் என்னைத் தாங்கும்.
திரும்பும்போதுதான்
காலி வண்டி நழுவி முன்னால் ஓட
என் எடை முழுதும் என்னிடமே வந்து சேரும்.

இன்று ஏழாம் வார்டு உம்மு பதர்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை
காதாலேயே பிடித்துவிட்டார்,
ஒரு தள்ளு நீளம், ஒரு தள்ளு குட்டை.
எந்தக் கால் என்று அரபியில் கேட்டார்.
வலது என்றேன்.
தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார்,
ஏதோ ஊர்க்காரியைச் சந்தித்ததுபோல.
"ஷ்வை ஷ்வை. எக்ஸ்ரே மிஷின் ஓடிப்போகாது."
மெதுவாகப் போனதில்
தாழ்வாரச் சுவரில் ஒரு பாய்மரப் படகுப் படம் கண்ணில் பட்டது.
மூன்று வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கும்.

அவரை விட்டுவிட்டுத் திரும்புகையில்
லிஃப்டில் நானும் காலி வண்டியும்.
கேமரா இருக்கிறது. தெரியும்.
உட்கார்ந்தேன்.
தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி, பதினோரு நொடி.
இரண்டு பாதமும் மிதிகட்டையில்,
யாரோ என்னைத் தள்ளிக்கொண்டு போகப்போவதுபோல.
கதவு திறந்தது.
எழுந்து முதல் அடி வைத்தேன்.
மறுபடியும் காலை நாலு மணி.