ஒரு முறைக்குக் கால்வாசி

மட்டக்குளியில் டைல் கிடங்குக்குப் பின்னால்
செங்கல்லுக்கு மண் தோண்டி
அப்படியே விட்டுப்போன பள்ளம்.
மாத வாடகை பன்னிரண்டாயிரம்.
ஜப்பான் மீன் எண்ணூறு சொச்சம்.
பச்சை, நான்கு வகை.

பதினொரு வருடம்
காப்புறுதிக் கம்பனியில் படிவம் நிரப்பியவள் நான்,
வகை பிரிக்காமல் இருக்கத் தெரியாது.

முதலாவது நீரிலேயே கரைந்த பச்சை.
உள்ளங்கையில் அள்ளினால் நிறம் ஓடிப்போகும்.
வெள்ளைப் பீங்கானைப் பிடித்தபடி கையை அமிழ்த்துவேன்.
மணிக்கட்டு நனையுமுன் பீங்கான் மறைந்தால் அதிகம்.
முழங்கை நனையும்போது மறைந்தால்
அது குஞ்சுகளின் சாப்பாடு, தொடாதே.

இரண்டாவது நூல்.
கம்பில் சுற்றினால் சுற்றிக்கொண்டே வரும்.
இடியப்பம் மாதிரி, என்றான் நௌஷர்டீன்.
மூன்று நாள் எனக்கு இடியப்பம் இறங்கவில்லை.

மூன்றாவதுக்கு வேர் உண்டு.
தண்டைச் சுற்றி ஐந்தைந்தாய் இலை,
எதிர்ப்பக்கம் உருவினால் பூனை நாக்கு.
வேலம்பாசி.
ஒரு கணு அறுந்து மிதந்தால் போதும்,
அக்கரையில் குடித்தனம் தொடங்கிவிடும்.

நான்காவதும் பார்வைக்கு அதுவேதான்.
நசுக்கிப் பார்: மணலாய் நெறுநெறுக்கும்,
உள்ளி மணக்கும்.
செடியின் உடுப்பைப் போட்டுக்கொண்ட பாசி.

சிறில் ஐயா வந்தார், காணிக்காரர்.
"ஞாயிறு ஆட்கள் இடம் பார்க்க வருகிறார்கள்,
இதென்ன கானா?
அடி தெரிய வேண்டாமா?"

புறக்கோட்டையில் துரிசு வாங்கினேன்.
நீலக் கற்கள், அழகு.
கால்வாசிக்கு மட்டும் போடு என்று
பையில் அச்சடித்திருந்ததை
வாசித்தேன்.
வாசித்துவிட்டு முழுக்குளத்துக்கும் போட்டேன்.

ஞாயிறு அடி தெரிந்தது.
ஒற்றைச் செருப்பு, உடைந்த டைல்கள்,
யாரோ எறிந்த அம்மிக்குழவி.
நூல் எல்லாம் பழுத்துப் படுத்திருந்தது,
வேலம்பாசி மட்டும் பாதி வளைந்து நின்றது.
வந்தவர்கள் நல்ல தண்ணீர் என்றார்கள்.
ஐயா என் தோளில் தட்டினார்.

பாசி உயிரோடு இருந்தால் பகலில் மூச்சுக் கொடுக்கும்,
செத்து அழுகினால்
இரவும் பகலும் எடுக்கும்.
அதைப் பையில் அச்சடித்திருக்கவில்லை.

திங்கள் விடிய நாலரை.
கரண்ட் இல்லை, காற்று மோட்டார் ஊமை.
மேற்பரப்பு முழுக்க வாய்கள்,
வட்டம் வட்டமாக, சத்தமில்லாமல்.

நௌஷர்டீன் வாளியோடு ஓடி வந்தான்.
கிடங்குக் காவல் சுமணபால டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி இறங்கினார்.
அள்ளித் தலைக்குமேல் தூக்கி ஊற்றினோம்,
அள்ளி ஊற்றினோம்,
நீர் விழுந்து நுரைத்த இடத்திலெல்லாம்
மீன்கள் முட்டி மோதின.
வெயில் வந்தபோது என் கை என்னுடையதில்லை.

இருநூற்றுப் பதினொன்று.
எண்ணினேன், எண்ணத்தானே தெரியும்.
இழப்புக்கான காரணம் என்றொரு கட்டம்
படிவத்தில் இருக்கும்.
அதில் எழுதுவதென்றால்
தெளிவு என்றுதான் எழுதியிருப்பேன்.

இப்போது சனிக்கிழமை தோறும் கால்வாசி.
இரண்டு வாரிகளை முதுகோடு முதுகு கட்டி
கயிற்றில் எறிந்து இழுக்கிறேன்.
வாரியதைக் கரையில் விடுவதில்லை,
மழை திருப்பிக் கொண்டுவரும்;
தோட்டத்துப் பிள்ளைகள்
தென்னங்கன்றுகளுக்கு இழுத்துப் போகிறார்கள்.
புல்கெண்டை பன்னிரண்டு விட்டிருக்கிறேன்,
நூலைச் சீண்டாது, வேலம்பாசியை மெல்லும்.
பத்து நிமிடத்தில் தின்று முடிக்காத தீனி
ஐந்தாவது பச்சை ஆகும்:
பெயின்ட் கொட்டியதுபோல் நீலம் பாரித்த ஆடை.
ஒருமுறை வந்தது. தீனியைப் பாதியாக்கினேன்,
மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

ஐயா தொலைபேசியில் கேட்கிறார், அடி தெரிகிறதா?
முழங்கை வரைக்கும், என்கிறேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
பாவாடை ஓரத்தில் ஒரு கணு ஒட்டியிருக்கிறது,
ஐந்து இலை, இன்னும் ஈரம்.
பாலத்தின் கீழே கால்வாய்.
ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையை
மடக்கி
டிக்கெட்டோடு சேர்த்துப் பர்ஸில் வைக்கிறேன்.