இருமாதக் கணக்கு

குலசேகரம் பிரிவில் எனக்கு
தொள்ளாயிரத்துச் சொச்சம் வீடுகள்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் போவேன்.
மீட்டர் பெட்டி பெரும்பாலும்
செடிகளுக்குப் பின்னால்தான் இருக்கும்.
தெச்சியை விலக்கி, குரோட்டன்ஸை விலக்கி,
பல்லி முட்டையை ஊதித் தள்ளி
எண்ணைக் குறித்துக்கொள்வேன்.
பிறகு பையிலிருந்து மற்றதை எடுப்பேன்:
மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோ மூடியபோது
ஏழாயிரத்துக்கு வாங்கிய கேமரா.
ஐந்நூறு இன்னும் பாக்கி.

"என்ன மக்ளே, போட்டோ எல்லாம் எடுக்க?
கரண்டு திருடுகேன்னு எழுதிக் குடுக்கவா?"
முதல் தடவை விலாசினி பதறிப்போனார்.
அவர் வீட்டுச் செம்பரத்தியின் நாக்கில்
எறும்பு ஒன்று நுனிவரை போய்
திரும்ப யோசிப்பதைத் திரையில் காட்டினேன்.
"கொள்ளாமே" என்றார்.
அடுத்த முறை போனபோது
தொட்டிகளுக்கெல்லாம் காவி அடித்து
உயர வரிசையில் நிறுத்தியிருந்தார்.
அந்தப் படம் நன்றாக வரவில்லை.

பூவிட்டு நின்ற வாழை
மறுமுறை குலையோடு.
அதற்கு மறுமுறை
வெட்டிய தடத்தில் நீர் கோத்திருக்கும்.
நடுவில் நடந்ததை நான் பார்த்ததில்லை.

தையில் ரப்பர் இலை சிவக்கும்.
நம் ஊரிலும் இலையுதிர்காலம் உண்டென்று சொன்னால்
தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த என்ஜினியர் சிரிக்கிறார்.
ஒன்பது நாள், கூடினால் பத்து.
கணுக்கால்வரை சருகு,
மிதித்தால் பப்படம் நொறுங்கும் சத்தம்.
சத்தம் படத்தில் விழவில்லை.
மாசியில் தளிர். தளிர் வந்ததும்
கிறிஸ்துதாசின் டெம்போ ராத்திரியில் வந்து
தேன்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போகும்.
மீட்டர் இல்லாத வீடுகள்.
ஒன்று விடாமல் எடுத்திருக்கிறேன்.
கொட்டும் வாங்கியிருக்கிறேன், இமையில்.

இரண்டாம் சனிக்கிழமைகள் என்னுடையவை.
மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நின்றால்
தென்னைகளுக்கு உச்சந்தலை இருப்பது தெரியும்.
ஆடியில் ஆரல்வாய்மொழிக்குப் போனேன்,
காற்றை எடுக்க.
எட்டுப் படத்திலும் என் துப்பட்டா.
கன்னியாகுமரி சூரியோதயத்துக்கு நான்கு முறை;
நான்கு முறையும் மேகம்.
"நேத்து வந்திருக்கணும்" என்பார் சாயாக்கடைக்காரர்,
நான்கு முறையும்.
ஐந்தாம் முறை கடலுக்கு முதுகு காட்டி நின்று
அவரை எடுத்தேன்.
இரண்டு குவளைக்கு நடுவே
ஒரு முழம் சாயா அப்படியே நிற்கிறது.

இடவப்பாதி தொடங்கிவிட்டால்
மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை.
மீட்டர் கண்ணாடிக்குள்ளும் ஆவி.
கேமராவை அரிசி டப்பாவில் புதைத்துவைத்தேன்.
அரிசியில் வண்டு வந்தது.
லென்சில் பூஞ்சை வந்தது.

வடசேரியில் ரிப்பேர்காரர் டார்ச் அடித்துக் காட்டினார்.
கண்ணாடிக்குள் வெள்ளையாக,
மயிரிழைக் கிளைகள், கிளையில் கிளைகள்,
வெயிலையே காணாத ஒரு சின்னப் பெரணி.
"ஆயிரத்தெண்ணூறு ஆவும்.
விட்டா முழுக்கப் படரும்."
யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.
பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது,
அதையும் ஒரு படம் எடுத்திருக்கலாம் என்று;
எதை வைத்து எடுப்பது என்றும்.

இப்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்
எதன் மேலும் மூடுபனி:
தோவாளைச் சந்தையின் கேந்திக் குவியல்,
திற்பரப்பில் குளிக்கும் பிள்ளைகள்,
உச்சிவெயிலில் காயும் ரப்பர் ஷீட்டு.
"இதுல மழையா பெய்யுது?" என்கிறார் விலாசினி.
"ஆமா" என்கிறேன்.

மீட்டர் பெட்டிக்கு நேர்கீழே
அவர் புதிதாக ஒரு பிச்சி நட்டிருக்கிறார்.
கொடி ஏறினால் எண் தெரியாது.
தள்ளி நடச் சொல்லியிருக்க வேண்டும்.
அட்டையில் யூனிட்டை எழுதிக் கொடுத்துவிட்டு
என் சொந்த நோட்டில்
பென்சிலால் குறித்துக்கொண்டேன்:
ஆவணி. ஒரு சாண்.