நீல மை மட்டும்

வெள்ளைத் தாள். கோடு போட்டது கூடாது.
மை நீலம், இல்லையென்றால் கறுப்பு.
வாசனை கூடாது, உதட்டுச்சாயம் படக்கூடாது,
ஒட்டுப்படம், மினுக்குத்தூள், கலர் பென்சில்
எதுவும் கூடாது.
பெயருக்கு முன்னால் எண்.

ஓரின் ஹாகனுக்கு முன்னால் ஏழு இலக்கம்.
முதல் முறை உறையில் எழுதியபோது
தம்பியின் தொலைபேசி எண்ணைக்
குறித்துக்கொள்வது போல இருந்தது.
எடுக்கமாட்டான், அவ்வளவுதான்.

கடிதம் அவனிடம் போவதில்லை.
வேறொரு மாநிலத்துக்குப் போகிறது,
கடலோரத்தில் எங்கோ ஓர் அஞ்சல் பெட்டிக்கு.
அங்கே யாரோ உறையைக் கிழித்து
தாளை இயந்திரத்தில் கவிழ்த்து
அடியில் வெளிச்சத்தை ஓடவிட்டு
அப்புறம் அரைத்துவிடுகிறார்கள்.
அவனுக்குக் கிடைப்பது திரையில் ஒரு படம்.
நான் அழுத்தி எழுதியதில்
தாளின் முதுகில் புடைத்த எழுத்தெல்லாம்
அந்த ஊர்க் குப்பைக்கு.

அவன் கேட்டது நாயைத்தான்.
"நிக்கல் எப்படி இருக்கிறாள்?"
என்னை விசாரிப்பது இரண்டாம் பத்தியில்.
ஐந்து சென்ட் நாணயத்தின் நிறம், அதனால் அந்தப் பெயர்.
சேற்றில் நடந்து வந்தவளைப் பிடித்து
ஒரு காலைத் தாளில் பதித்து அனுப்பினேன்.
பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது,
'இனம் தெரியாத பொருள்' என்ற முத்திரையோடு.
வடக்கு டகோட்டா மண், ஐயா.
நீங்கள் தின்னும் ரொட்டிக்குத் தெரியும்.

அப்புறம் பேனாவால் சுற்றி வரைந்தேன்.
நான் அமுக்கிப் பிடிக்க, கூசி அவள் இழுக்க,
கடைசி விரலருகே கோடு வழுக்கி ஓடும்.
மாதம் ஒரு பாதம்.
"அவள் குண்டாகிவிட்டாளா, இல்லை
நீ குடித்துவிட்டு வரைந்தாயா?" என்று எழுதினான்.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
லாரி நிறுத்திய ஒவ்வொருவருக்கும்
அதைப் படித்துக் காட்டினேன்.

ஜனவரியில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை.
துணி உலர்த்தும் இயந்திரத்தின் அருகே,
சூடு கசியும் இடத்தில்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கடப்பாரை தரையில் பட்டு
மணி மாதிரி அடித்தது.
பக்கத்துப் பண்ணை டெல்மர்
ஒன்றும் கேட்காமல்
டிராக்டர் கொட்டகையில் இடம் ஒதுக்கினார்.
ஏப்ரல் வரை அங்கே இருந்தாள், தார்ப்பாயில்.

சுற்றிக் கட்டுமுன்
வலது முன்காலைத் தாளில் வைத்தேன்.
இழுக்கவில்லை.
அவ்வளவு சுத்தமான கோடு
என் கைக்கு வந்ததேயில்லை.

அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி
மேலே புதுத் தாளை வைத்துப்
பிப்ரவரிக்கு ஒன்று எடுத்தேன்.
மார்ச்சுக்கு ஒன்று. ஏப்ரலுக்கும்.
'முயலை விரட்டினாள், பிடிக்கவில்லை' என்று எழுதினேன்.
'கடிதம் கொண்டுவருபவரைப் பார்த்து
இன்னும் குரைக்கிறாள்.'
பொய்யும் நீல மையில்தான். விதியில் இடமிருக்கிறது.
அவனுக்கு இன்னும் நான்கு வருடம்,
கணக்குப் போட்டேன்,
நாற்பத்தெட்டு பாதம்.

அவன் எழுதுவது மட்டும்
தாளாகவே வீடு வந்து சேரும்,
மஞ்சள் தாள், மொட்டைப் பென்சில்.
மே மாதம் வந்தது:

"மார்லிஸ்,
ஒரு படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்து
நகம் நகமாகப் பார்க்க
இங்கே நேரம் நிறைய.
பிப்ரவரியிலிருந்து ஒரே கால்.
நம் நிக்கல் எப்போது
சும்மா நின்றிருக்கிறாள்?
எங்கே வைத்தாய்?"

பிளம் மரத்துக்கு வடக்கே, நாலடி தள்ளி,
டெல்மர்தான் தோண்டினார்,
பத்தொன்பதாம் தேதி, மழை
என்று எழுத வேண்டும். எழுதுவேன்.

தாளைத் திருப்பி
பின்பக்கத்தை விரலால் தடவினேன்.
கடைசிக் கேள்விக்குறி மட்டும்
இந்தப் பக்கம் வரை வந்திருந்தது.