முதலில் இருக்கை

எனக்கு முன் இந்தக் காரை ஓட்டியவன் ரூரி.
ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம்.
அவன் இறங்கிப் போன பிறகும்
அவன் பார்வை மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.
நடுக்கண்ணாடியில் கூரைத் துணி.
வலக் கண்ணாடியில் வெறும் வானம்.
இடக் கண்ணாடியில், ஒரு கணம்,
கடற்புறாவின் வயிறு.

நான் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு.

தேர்வாளர் பீட்ரி நேற்றிரவுக் கப்பலில் வந்தவர்.
கப்பல் இன்னும் அவர் வயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
"தயாரானதும் சொல்லுங்கள்" என்று
எதையும் பார்க்காமல் சொன்னார்.

ஓரத்தைப் பிடி, முகத்தைத் தொடாதே என்பாள் கட்ரீனா,
என் மகளைவிட இளையவள், மணிக்கு நாற்பது பவுண்டு.
பின் கண்ணாடி முழுதும் நடுக்கண்ணாடிக்குள் வர வேண்டும்,
படத்துக்குச் சட்டம் போட்டாற்போல்.
பக்கத்தில் காரின் விலா ஒரு கீற்று,
தொடுவானம் பாதியில்.
இருபத்திரண்டு வருஷம் சால்மன் மீன் வழுக்காத கையில்
இந்தச் சின்னக் குமிழ் வழுக்குகிறது.

முதல் முறை தோற்றது இப்படி:
"கண்ணாடி பார்த்தீர்களா?"
"பார்த்தேன்."
"நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லையே."
அன்றிலிருந்து
கோழி மாதிரி கழுத்தை வெட்டி வெட்டித்தான் பார்க்கிறேன்.
அடுக்களையில்கூட.
இரண்டாம் முறை, ஓர் ஆடு.
அதைப் பற்றிப் பேசுவதாக இல்லை.

ஆலைக்கு விடியலில் போன பேருந்தை
மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள்.
வேறு காரணம் எதுவும் கேட்காதீர்கள்.

ஸ்டோர்னோவேயைத் தாண்டி
பீட் நிலத்தின் ஒற்றைச் சாலையில்
"இடப்பக்கம் நிறுத்துங்கள்" என்றார் பீட்ரி.
நிறுத்தினேன்.
கிளட்ச் முழுக்க இறங்க
நுனிக்காலில் நிற்பதுபோல் எட்ட வேண்டியிருந்தது.
எதையும் யோசிக்காமல் நெம்புகோலை இழுத்தேன்.
இருக்கை மடாரென்று முன்னால் பாய்ந்தது.

சேர்த்துவைத்த பின்னுலகம் முழுதும்
ஒரு சாண் நகர்ந்துவிட்டது.
முதலில் இருக்கை, அப்புறம் கண்ணாடி.
முதல் பாடம், முதல் பக்கம்.

சொன்னால் பிழையை நானே எழுதிக் கொடுத்த மாதிரி.
சொல்லாவிட்டால்
எவன் பின்னால் வருகிறான் என்று தெரியாமல்,
வெறும் வானத்தை நம்பி,
பதினைந்து நிமிஷம்.
பேருந்தில் அப்படித்தானே போனேன்
இத்தனை காலமும்.
ஆனால் அங்கே ஸ்டியரிங் என் கையில் இல்லை.

"இருக்கையை நகர்த்திவிட்டேன்" என்றேன்.
"கண்ணாடிகளை மறுபடி வைக்கணும்."
அவர் பலகைக்கணினியில் விரலை வைத்தார்.
எடுத்தார்.
"வையுங்கள்."

காற்று காரை உலுக்கிக்கொண்டிருந்தது.
நடுக்கண்ணாடியை ஒரு நெல்லளவு இறக்கினேன்.
கூரைத் துணி நழுவியது.
ஈர மேடு வந்தது, வேலிக்கம்பி வந்தது,
அதன் நடுவே சிவப்பாய்,
எனக்காகக் காத்து நின்ற தபால் வண்டி.
உள்ளே இயோவர்.
சக்கரத்தைப் பிடித்த கையிலிருந்து
ஒற்றை விரலை உயர்த்தினான்.

எதிரே வருகிறவர்களுக்கு
இந்தத் தீவில் எல்லோரும் வைக்கும் வணக்கம்தான்.
பின்னாலிருந்தும் வைப்பார்கள் என்று
அறுபத்தோரு வயதுவரை எனக்குத் தெரியாது.

நான் பதிலுக்கு விரல் உயர்த்தினேன்.
அதைக்கூடப் பீட்ரி குறித்திருக்கலாம்.

"தேறிவிட்டீர்கள்" என்றார் கடைசியில்,
கார் நின்ற நிம்மதி குரலில் தெரிய.
நான்கு சிறு பிழைகள்.
ஒன்றுகூடக் கண்ணாடி இல்லை.
"அந்த ஆடு..." என்று ஏதோ ஆரம்பித்தவர்
முடிக்கவில்லை.
அவருக்கு யார் சொன்னது?

நான் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள்
அடுத்த பெண் ஏறிவிட்டாள். ஷோனாவோ யாரோ.
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினாள்.
பிறகு ஒற்றை விரலால், அலட்சியமாக,
என் வேலிக்கம்பியை, என் ஈர மேட்டை
எங்கோ சாய்த்தாள்.

வலக் கண்ணாடியில்
என் கோட்டின் மூன்றாவது பொத்தான் தெரிந்தது.
நூல் தொங்கியது.
அப்புறம் அதுவும் இல்லை.